மீன் குடித்த மிச்சம்

"ஏ காக்கா! இந்த ராஜபாளையத்துல மனுசனாப் பொறக்கக் கூடாது. மீனாப் பொறக்கணும். அதுவும் மில் சூப்பர்வைசர் வீட்டு மீனாப் பொறக்கணும்!"

மதில்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயின் குரல். காக்கா ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு யாருக்கு என்பது தெருவுக்கே தெரியும். இரண்டு வருடம் முன்பு மில் சூப்பர்வைசர் லிங்கேஸ்வரன் இந்தச் சுவரை எழுப்பியபோது, தன் இடத்தில் ஒரு சாண் போய்விட்டதென்று, அவருக்கு மதினி முறையாகும் வெள்ளைத்தாய் சண்டைக்கு வந்தாள். "இனிமே அந்த வீட்டுப் பச்சத்தண்ணி எம் பல்லுல படாது" என்று நடுத்தெருவில் நின்று சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு எல்லாம் காக்கா வழியாகத்தான்.

"ஒரு கொடம் மீனுக்காம், மூணு கொடம் சாக்கடைக்காம். இங்க எந் தென்னமரம் தொண்ட காஞ்சு சாகுது. குரும்பையெல்லாம் கொட்டுது. கேக்க நாதியில்ல!"

லிங்கேஸ்வரன் மீன்தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு ஆரஞ்சு நிறக் கடல்மீன்கள். பாறையில் பூப்போல விரிந்திருந்த பவளங்கள். ஆரம்பத்தில் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றி உப்பைக் கலந்து பார்த்தார். பாசி பிடித்துப் பாதிப் பவளம் செத்தது. அதன்பிறகுதான் ஆர்ஓ மிஷின். அது ஒரு குடம் சுத்தத் தண்ணீர் தர, மூன்று குடத்தைக் கழிவென்று தள்ளிவிடும்.

"மதினி கேக்கிறது நியாயந்தானே, சத்யா?" என்றார் மனைவியிடம்.

"நியாயம்னா மிஷினை நிறுத்துங்க."

"நிறுத்தினா இதுக செத்துப்போகுமே."

சத்யப்பிரியா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் வெள்ளைத்தாய், புதுப்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். லிங்கேஸ்வரன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, சுவரோரம் குத்தவைத்து என்னவோ செய்துகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மிஷினைப் பார்க்க ஜெபா வந்தான். விற்பதும் அவன்தான், பழுது பார்ப்பதும் அவன்தான்.

"சார், உள்ள இருக்க வடிகட்டி போயிருச்சு. மதுரையிலேர்ந்து வரணும், ரெண்டு நாளாகும். அதுக்குப் புது மாடலே போட்டுருங்களேன். ஒரு கொடத்துக்கு ஒரு கொடந்தான் கழிவு."

"போட்டுருங்க" என்றாள் சத்யப்பிரியா. "காக்காவாவது நிம்மதியா இருக்கும்."

"வேண்டாம். பழசே இருக்கட்டும்" என்றார் லிங்கேஸ்வரன்.

"ஏன்?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

"அப்ப அக்கா பேசுறதுல தப்பே இல்ல. தண்ணியோட அருமை தெரியாத மனுசன்!"

அதற்குள் ஜெபா கழிவுக் குழாயைப் பிடித்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போயிருந்தான்.

"சார்! இது சாக்கடைக்குப் போகலையே. செவுத்துக்குள்ள ஓட்டை போட்டு அந்தப் பக்கம் போகுது!"

"ஏலே, மெல்லப் பேசு" என்று பதறினார் லிங்கேஸ்வரன்.

சத்யப்பிரியா எட்டிப் பார்த்தாள். வெள்ளைத்தாயின் தென்னைமரத்தடி மண் ஈரமாக இருந்தது.

"தென்னைக்கு உப்பு வைப்பாகல்ல? இந்தத் தண்ணியில கொஞ்சம் உப்பு கூட இருக்கும், அம்புட்டுத்தான். மரத்துக்கு ஆகும். மதினிக்குத் தெரிஞ்சா குழாயைப் பிடுங்கி எறிஞ்சிருவாக. புது மாடல் போட்டா மரத்துக்குத் தண்ணி காணாது" என்றார் லிங்கேஸ்வரன்.

சத்யப்பிரியா ஜெபா பக்கம் திரும்பினாள்.

"ஜெபா, பழசையே சரி பண்ணு" என்றாள்.

வடிகட்டி வரும்வரை மிஷின் ஓடவில்லை. இரண்டாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

"ஏ காக்கா! மிஷின் சத்தத்தையே காணோமே! மீனெல்லாம் இருக்கா, செத்துச்சா?"

"கேட்டீங்களா?" என்றாள் சத்யப்பிரியா. "நீங்க அவுக மரத்துக்குத் தண்ணி விடுறீங்க. அவுக ஒங்க மீன் எப்பச் சாகும்னு கேக்காக."

லிங்கேஸ்வரன் சிரித்தார். மீனுக்காக மிஷினா, மரத்துக்காக மிஷினா என்று இப்போதெல்லாம் அவருக்கே குழப்பம்.

குரும்பை கொட்டுவது நின்றது. புதுக் குருத்து விட்டது. காய்கள் திரண்டன. வெள்ளைத்தாய் தெருவில் எல்லாரிடமும் சொன்னாள்.

"எல்லாம் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாள் செயல். மரம் பொழைச்சா மலையேறி வந்து காய் ஒடைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். பொழைச்சிருச்சு!"

"போய்ச் சொல்லிறட்டுமா?" என்று பல்லைக் கடித்தாள் சத்யப்பிரியா.

"விடு. அந்தப் பேரு பெருமாளுக்கே இருக்கட்டும்."

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மலையேறித் திரும்பிய வெள்ளைத்தாய், தன் வீட்டுக்குப் போகாமல் இவர்கள் வாசலில் வந்து நின்றாள். இன்று காக்கா இல்லை.

"கொழுந்தனாரே!"

இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சொல்லில் லிங்கேஸ்வரன் தடுமாறி எழுந்தார்.

"வாங்க மதினி."

"பெருமாளுக்கு ஒடைச்ச காய். இந்தா ஏட்டி, பிரசாதம்" என்று ஒரு மூடியைச் சத்யப்பிரியாவிடம் கொடுத்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, உடைக்காத முழுத்தேங்காய் ஒன்றை எடுத்து லிங்கேஸ்வரன் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு மதினி?"

"இது ஒங்க மீனுக்கு."

அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மதினி... ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஊர்லேர்ந்து வந்த அன்னைக்கே தெரியும்" என்றாள் வெள்ளைத்தாய், வாசல்படி இறங்கிக்கொண்டே. "ஒங்க வீட்டுப் பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு நாந்தானே சொன்னேன், கொழுந்தனாரே? எந் தென்னமரம் சொல்லலையே!"