முகம் காட்டாதவள்

"சாப்பிட்டாளா, ஐயா?"

"சாப்பிட்டாம்மா. தட்டைத் துடைச்சு வச்ச மாதிரி காலி பண்ணிட்டா. முகத்தைத்தான் காட்ட மாட்டேங்குறா."

"உங்க வீட்டுக்கு வந்து இன்னியோட பத்தொன்பது நாள் ஆச்சே! இன்னுமா கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கா?"

தையல்காரி போனை வைத்துவிட்டு மெஷினை ஓங்கி மிதித்தாள். சட்டையின் கை கோணிக்கொண்டு போயிற்று. போன வீட்டில் இப்படி அடம் பிடித்தால் எந்த மாமியார்தான் பொறுப்பாள்? நல்ல வேளை, போனது மருமகள் இல்லை, பூனை.

பெயர் சிணுங்கி. தொட்டாச்சிணுங்கி என்று வைத்தது சுருங்கிவிட்டது. தெருவில் அடிபட்டுக் கிடந்தவளைத் தூக்கிவந்து ஆறு மாதமாகச் சோறு போட்டும், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளை முழுசாகப் பார்த்தது இல்லை. அவள் போட்டோ என்று தையல்காரியிடம் இருந்ததெல்லாம் இருட்டில் இரண்டு கண்கள்தான்.

முதலில் கேட்டு வாங்கிப்போன பேங்க் அதிகாரி நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். "பூனை கேட்டோம், பேயைக் கொடுத்திருக்கீங்க" என்றார். அடுத்த வீட்டில் விளக்குமாற்றை விட்டுக் குத்தி வெளியே இழுக்கப் பார்த்தார்கள். மூன்றாவது வீடு ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

வீட்டுக்காரர் வேறு கறாராகச் சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்குள் பூனைகள் நாலாகக் குறையாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐந்தாவது சிணுங்கி. இனியும் திரும்பி வந்தால் ஊர்ப் பிராணிகளை அடைக்கிற கூண்டுதான் கதி. அந்த இரைச்சலில் அவள் ஒரு வாய்கூடத் தின்னமாட்டாள் என்று தையல்காரிக்குத் தெரியும்.

அப்போதுதான் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் அகப்பட்டார். தனிக்கட்டை. கடுகளவு பல்சக்கரத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர், பொறுமைக்குக் கேட்க வேண்டுமா?

அவருக்குத் தையல்காரி போட்ட கட்டளைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. கூடையைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கொக்கியை எடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது. அவளாக வருகிற அன்றைக்கு வரட்டும்.

சொன்னதைத் தானும் செய்கிறவள் அவள். அனுப்பிய அன்று சிணுங்கி பாதி திறந்திருந்த கூடைக்குள் போய்ப் படுத்ததும், கண்ணைப் பார்த்தால் மிரளுவாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடியைத் தூக்கினாள். புது வீட்டில் பழகின வாசனை வேண்டும் என்று ஒரு பழைய கம்பளியையும், அவள் வெளிக்குப் போகிற மண் தட்டிலிருந்து ஒரு பொட்டலம் மண்ணையும் உள்ளே திணித்து, அப்படியே தடவிக் கொக்கியைப் போட்டாள். கூடையைச் சுமந்து போன கணவன், "எலும்பும் தோலுமா வந்தவ, இப்ப என்னமா கனக்குறா!" என்று பெருமைப்பட்டான்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் போன். தினமும் அதே பதில்.

"ஜன்னல் சாத்தித்தானே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சாத்தியிருக்கும்மா. வென்டிலேட்டருக்குத்தான் கண்ணாடி இல்ல. அவ்வளவு உயரத்துக்கு இந்தப் பயந்தாங்கொள்ளி எங்க ஏறப்போறா?"

இங்கேயும் தொல்லை குறையவில்லை. ஒரு வாய் குறைந்தும் தீனிப் பை முன்போலவே பத்து நாளில் தீர்ந்தது. மற்ற நாலும் சிணுங்கியின் பங்கையும் சேர்த்து விழுங்குகின்றன என்று அதுகள் மேல் எரிந்து விழுந்தாள்.

இருபதாம் நாள் காலையிலேயே போன் அடித்தது. பெரியவர்தான். இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. தையல்காரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"திருப்பிக் கொண்டுவரேன்னு சொல்லத்தானே கூப்பிட்டீங்க? கொண்டாங்க! உங்களையும்தான் நம்பினேன். உலகத்துல ஒருத்தருக்குக்கூடவா ஒரு பூனைக்காகக் காத்திருக்கத் தெரியாது?"

பெரியவர் கிசுகிசுத்தார்.

"மெதுவா பேசுங்கம்மா. மடியில தூங்குறா."

"யாரு?"

"நம்ம சிணுங்கிதான். வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன், தானா வந்து ஏறிட்டா. கழட்டின கடிகாரம் கழட்டினபடியே கிடக்கு. எழுந்திருக்க மனசு வரல. இனிமே நீங்களே வந்து கேட்டாலும் தரமாட்டேன்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு மாதம் பட்ட பாடு வீண் போகவில்லை. கூண்டும் இல்லை, வீட்டுக்காரர் தொல்லையும் இல்லை.

கணவன் பக்கத்து அறையில் ஸ்டூல் மேல் ஏறி, பரணில் கிடந்த துணி மூட்டைக்குள் அவளுக்கு லைனிங் துணி தேடிக்கொண்டிருந்தான்.

"ஏங்க! சிணுங்கி அவர் மடியில ஏறிட்டாளாம்! ஏங்க, காதுல விழுதா? அவர் மடியில தூங்குறாளாம்!"

மூட்டைக்குள் விட்ட கையை எடுக்காமல் அவன் அப்படியே நின்றிருந்தான். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"கத்தாதே. இங்க சிணுங்கி மிரளுறா."