அந்தப் பக்கம் யாரும் இல்லை

சின்னம்மை சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். கையில் ஒட்டிய அரிசியைக்கூடத் தட்டாமல் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஜீப்பில் வந்த ஆள் இரண்டு வீடு தள்ளி ஞானசுந்தரியிடம் பேசிக்கொண்டிருந்தான். அடுத்தது இங்கேதான்.

போட்டோவில் இருந்தது ஒரே மகள் கனகமணி. பதினெட்டு முடிந்துவிட்டது, இந்தியா வர அவளுக்குத் தனி மனு என்றார்கள் சிலோனில். அது பாஸாகி வருவதற்குள் தாய் தகப்பனுக்குக் கப்பல் வந்துவிட்டது. பெண்ணைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு மலைமேல் இந்தச் சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பெற்றவளுக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை.

இங்கே காலூன்றி நின்றால்தான் என்றைக்காவது மகளை வரவழைக்கலாம். அங்கே மகள் இருப்பது தெரிந்தால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அனுப்பிவிட்டால் அங்கே வீடும் இல்லை, பேரும் இல்லை, அரிசிக் கூப்பனும் இல்லை. மூன்று பேரும் பட்டினிதான்.

"ஏனுங்கம்மா, நான் ஹரிதாஸுங்க. கோயமுத்தூர்ல எக்கனாமிக்ஸ் எம்.ஏ. படிக்கறனுங்க. எங்க புரொபசர் சர்க்கார் கமிட்டியில இருக்காருங்க. சிலோன்ல இருந்து வந்தவங்களுக்குச் செலவு பண்றது சரியா தப்பான்னு மேல பெரிய வாக்குவாதம் நடக்குதுங்க. அதுக்குத்தான் கேட்டுட்டு வர்றனுங்க."

செலவு என்றதுமே சின்னம்மைக்குச் சிலோன் நினைவு வந்தது. அங்கேயும் இப்படித்தான், சிரித்த முகமாக ஒரு கண்ணாடிக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அப்புறம்தான் தோட்டத்து ஜனங்கள் நாட்டுக்குப் பாரம் என்று பேச்சு கிளம்பியது. படித்தவன் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூட்டை கட்டுவது ஏழைதான்.

கணவன் அய்யாவு சேரம்பாடிச் சந்தைக்குப் போயிருந்தான். பாவி மனுஷன், இன்றைக்குப் பார்த்தா போக வேண்டும்!

"இங்க என்னங்கம்மா குறை?"

"ஒரு கொறையும் இல்லீங்கய்யா." கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த சட்டியைக் காலால் மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அந்தப் பக்கம் உங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க."

"புள்ளைங்க?"

"எனக்குப் புள்ளையே இல்லீங்கய்யா" என்றாள். சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் உடனே எழுதவில்லை. "பயப்படாம நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

பயப்படாதே என்று சொல்கிறவர்களிடம்தான் அவளுக்கு அதிகப் பயம். "மாரியாத்தா மேல சத்தியமுங்க!" என்றாள்.

அவன் முகம் வாடிப்போனது. ஏதோ எழுதிக்கொண்டு, பேனாவை மூடி, கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினான். மலை வளைவில் ஜீப் மறைந்து, பனிமூட்டத்தில் அதன் சத்தமும் தேய்ந்து அடங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம்!

ஆனால் அந்த ஞானசுந்தரி? வாயில் பூட்டுப் போடத் தெரியாதவள். அவள் தம்பியும் சிலோனில்தான் இருக்கிறான். உளறித் தொலைத்தாளோ என்று சின்னம்மை பதறிக்கொண்டிருக்கும்போதே அவளே ஓடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"அடியே, ஒன் தம்பி அங்க இருக்கறதச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா! குடும்பத்தப் பிரிச்சு வச்சா அரசாங்கத்துக்குத்தான் நட்டமாம், சேத்து வச்சா செலவு கொறையுமாம். அதத்தான் அந்தக் காலேஜுப் புள்ள எழுதப் போவுது. மொதல்லயே சொன்னா எல்லாரும் பொய்யா ஆளு சேப்பாங்கன்னு, ஆளு இருக்குன்னு சொன்னவங்ககிட்ட மட்டும் அப்பறமாத்தான் சொல்லுது."

"என்னடி சொல்ற?"

"அங்க விட்டுட்டு வந்தவங்க பேரெல்லாம் இன்னைக்கே மெட்ராஸுக்குப் போவுதுக்கா. மொதக் கப்பல்லயே அழைச்சுக்கிட்டு வருவாங்களாம்!"

ஞானசுந்தரி சின்னம்மையின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"நம்ம கனகமணி பேரச் சொல்லிட்டதானேக்கா?"