பெயருள்ள பட்டன்

பார்வையற்ற ரோஸ்லின் அவசரக்காரி. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கணினியின் குரல், அழிக்கட்டுமா என்ற கேள்வியை முடிக்கும் முன்பே 'ஆம்' என்று தட்டியதில், இறந்துபோன கணவர் தேவசகாயத்தின் ஒலிப்பதிவுகள் அடியோடு அழிந்தன.

"நான் பாத்து எடுத்துத் தரட்டுமாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு நசீமா.

"வேணாம்மா. அது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசினது."

மீட்டுத் தரும் மென்பொருள்கள் மூன்றை இறக்கிப் பார்த்தாள். எங்கே போனாலும் "பட்டன், பட்டன்" என்றே கணினி சொன்னது. எது எதற்கென்று சொல்லவில்லை. நான்காவதில் "தேடு" என்றது, "மீட்டெடு" என்றது. அதை உருவாக்கிய முகம் தெரியாத யாரோ இவளைப் போன்றவர்களை நினைத்து ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்திருக்கிறார்.

"நீ நல்லா இருக்கணும்" என்றாள் திரையைத் தடவி.

மீண்டு வந்த முதல் பதிவில் தேவசகாயம் அவளைப் புது வீட்டுக்குள் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். "ஒரு படி ரோஸி. இன்னொரு படி. இப்ப தரை."

நாற்காலியில் இருந்தபடியே அவள் கால் மெல்ல உயர்ந்து, தரையில் இறங்கி ஊன்றியது.