இரண்டாவது அடி

பிரேயர் முடிந்து வகுப்புக்குத் திரும்பப்போன பிள்ளைகளைத் தலைமையாசிரியர் வேதமாணிக்கம் கையுயர்த்தி நிறுத்தினார்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க."

வரிசைகள் நின்றன. ஆடித்தபசுத் திருவிழா முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பெண்பிள்ளைகள் பலர் கையில் இன்னும் கொட்டகைக் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள்.

அவர் ஐந்தாம் வகுப்பு வரிசைக்கு வந்து பூமாரியின் எதிரே நின்றார். அவள் சட்டென்று வலது கையைப் பாவாடைக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அவர் அடித்த கை அது.

வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பைத் திறந்தபோது, பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே உலக உருண்டை தண்டு ஒடிந்து அலமாரிக்கு அடியில் கிடந்தது. முந்தின நாள் பெருக்கும் முறை பூமாரிக்கு. கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் உடைக்கல சார்வாள்" என்றாள். பிறகு யார் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை.

உடைத்ததற்கு ஓர் அடி. பொய் சொன்னதற்கு இன்னோர் அடி. இரண்டாவதைத்தான் ஓங்கிப் போட்டார். எதை உடைத்தாலும் பொறுத்துக்கொள்வார், பொய்யைப் பொறுக்கமாட்டார். ஊரில் அவருக்கு அப்படி ஒரு பெயர்.

சிவகிரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த சங்கரசுப்பு வாத்தியார் சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் விஷயம் கேள்விப்பட்டு நேரே அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அந்தப் பிள்ளை வியாழக்கிழமை மத்தியானமே போயிட்டுதே சார். அம்மைக்குக் காய்ச்சல், பூ எடுக்க ஆள் இல்லைன்னுச்சு. நான்தான் அனுப்பி வச்சேன்."

அப்படியானால் உடைத்தது யார் என்று வேதமாணிக்கம் யோசிக்கவே இல்லை. யாரை அடித்தோம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில், கோவிலில் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போனார்கள். செய்த தப்பைத் தீர்க்காமல் போக மனமில்லாமல் அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். முன்னால் போன மகள் ஜெபக்கனி இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் சாப்பாட்டின்போது மனைவி செல்வபாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னார். திங்கட்கிழமை பிரேயரில் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப்போவதையும் சொன்னார்.

"அவ வீட்டுல போய்ச் சொல்லிட்டு வாங்க. பிள்ளைகளுக்கு முன்னாலயா? பொறவு எது உங்களுக்குப் பயப்படும்?"

"பிள்ளைகளுக்கு முன்னாலதானே அடிச்சேன்" என்றார்.

ஜெபக்கனி பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அப்பாவுக்கு வரப்போகும் அவமானம் அவளையும் சுட்டுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் அதே ஐந்தாம் வகுப்புதான்.

இப்போது பள்ளிக்கூடம் முழுக்க அவரையே பார்த்தது.

"பூமாரி பொய் சொல்லல" என்றார். குரல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று உரக்கவே சொன்னார். "நான்தான் சரியா விசாரிக்காம அடிச்சிட்டேன். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிரும்மா."

சொல்லிவிட்டுக் கைகூப்பினார்.

ஒன்றாம் வகுப்பில் ஏதோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. யாரும் கூடச் சிரிக்காததால் அதுவும் அடங்கிவிட்டது.

பூமாரி சங்கரசுப்பு வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதா?"

"பூ எடுக்கையிலதான் சார்வாள்."

வேதமாணிக்கம் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் மகள் கண்ணில் பட்டாள். குனிந்த தலை நிமிரவே இல்லை. வளருகிற பெண்ணைத் தோழிகளுக்கு மத்தியில் கூசிப்போக வைத்துவிட்டோமே என்று இருந்தது. சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து வர வேண்டும். என்ன சொல்லலாம் என்றுகூட மனதுக்குள் கோர்க்கத் தொடங்கினார்.

"சரி, கிளாசுக்குப் போங்க."

வரிசைகள் அசைந்தபோது ஜெபக்கனி தன் இடத்தை விட்டு வெளியே வந்தாள். நேராக அவரை நோக்கி நடந்தாள்.

பிள்ளை அழப்போகிறாள் என்று நினைத்து அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தாண்டிப் போனாள். பூமாரியின் எதிரில், கொஞ்சம் முன்பு அவர் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். அவரைப் போலவே கைகூப்பினாள்.

"உருண்டையை நான்தான் உடைச்சேன்" என்றாள். அவளும் உரக்கத்தான் சொன்னாள். "உனக்குப் பதிலாப் பெருக்கையில கை தட்டி விழுந்துட்டு. அப்பா உன்னை அடிக்கையில சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். என்னை மன்னிச்சிரு பூமாரி."

அப்பாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேதமாணிக்கம் நீட்டிய கையை மெல்ல இறக்கினார். அவருக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"தெரியும்ட்டி" என்றாள் பூமாரி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நான்தானே உன்னைப் பெருக்கச் சொல்லிட்டுப் போனேன்."

பக்கத்தில் நின்ற அவருக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது அடி விழுந்தபோதும் பூமாரி ஜெபக்கனி இருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்பது வேதமாணிக்கத்துக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.