மழை சாரின் காகிதம்

"ஒழுகுது" என்று ஈரக் காகிதத்தை நீட்டினார் மழை சார். "டிரைவர் சீட்டுக்கு நேர் மேல. ஒரு என்ஜின் கூரையை ஒழுகாம அடைக்கத் தெரியாதவன், நாளைக்கு என் பொண்ணை எந்தக் கூரைக்குக் கீழ வச்சுக் காப்பாத்தப் போறான்?"

கேட்டது என்னவோ பொதுவாகத்தான். பார்த்தது மட்டும் பிட்டரை.

ரயில் என்ஜின் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், டிரைவர் அறைக்குக் கூரை மாட்டி இடுக்குகளில் பசை வைத்து அடைப்பது பிட்டரான அவன் வேலை. புது என்ஜின் வெளியே போவதற்கு முன் அதைக் கொட்டகையில் நிறுத்தி, நாலு பக்கமும் குழாயைத் திறந்துவிட்டு, அந்த அடைமழையில் உள்ளே ஒரு சொட்டாவது இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதனால்தான் மழை சார். அதோடு நிற்காமல், பிட்டர் காதலிக்கும் பெண்ணுக்கு அப்பாவாகவும் இருந்து தொலைத்தார்.

"இந்த என்ஜின் ஒரு சொட்டு ஒழுகாம வெளிய போகட்டும், எனக்குச் சம்மதம்" என்று போன வாரம்தான் வாக்குக் கொடுத்திருந்தார். காலையிலிருந்து இதோடு இரண்டு தடவை ஊற்றிக்கொண்டுவிட்டது.

"மறுபடி அடைச்சுடறேன் மாமா."

"பாஸாகற வரைக்கும் சார்."

அவ்வளவு தண்ணீருக்குள் போய்வந்த மனிதர் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஆனா ஒண்ணு. நேத்து நீ பார்சல் கட்டிக் குடுத்தியே, அது நல்ல சாமான். அதுல நான் குறை சொல்ல மாட்டேன்."

பிட்டர் குழாயறைக்குப் போனான். அப்பாவின் விசில் சத்தத்தைக் கேட்டுக் குழாயைத் திறந்து மூடுவது மகளின் வேலை. அங்கிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும்.

"அப்பாவுக்கு உபயோகமா எதாவது வாங்கிக் குடுன்னு சொன்னேன்ல, பாத்தியா? மனுஷன் குளிர்ந்துட்டாரு" என்றாள்.

"அவரு குளிர்ந்து என்ன பண்றது? கூரை ஒழுகுதாமே."

"நீ சரியா பசை வச்சியா?"

"இனிமே வைக்க இடமே இல்ல. உங்கப்பா எப்படித்தான் பாக்கறாரு?"

"அவரு கூரையைப் பாக்கவே மாட்டாரு. சீட்டு மேல காகிதத்தை விரிச்சு, டார்ச் அடிச்சு, அதையே முறைச்சுக்கிட்டிருப்பாரு. கூரை ஏமாத்தும், காகிதம் ஏமாத்தாதும்பாரு. வீட்ல மழை பெஞ்சா அம்மா பாத்திரத்தைத் தேடுவாங்க, இவரு காகிதத்தைத் தேடுவாரு."

பிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி ஏணி போட்டு ஏறி, பசை வைத்த இடத்திலேயே பசை வைத்தான். ஆணித் தலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. இதற்கு மேலும் ஒழுகினால் தலையெழுத்துதான் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

"இந்தத் தடவை நானும் உள்ள இருக்கேன் சார்."

சோதனை நடக்கும்போது உள்ளே இன்னொருவர் இருக்கக் கூடாது என்பது மழை சார் தானே போட்ட சட்டம். ஆனாலும் மனம் இரங்கினார்.

"இருந்துக்கோ. ஒழுகறதை உன் கண்ணாலயே பாரு. பாத்துட்டு, கையோட வேற பொண்ணையும் பாத்துக்கோ."

விசில் ஊதியதும் தண்ணீர் இரைச்சலோடு கொட்டியது. மழை சார் வழக்கம்போல முதலில் வெளியே சுற்றி ஜன்னல்களையும் கதவுகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிட்டர் உள்ளே தனியாக நின்று கூரையை அண்ணாந்து பார்த்தான். காய்ந்து கிடந்தது. சீட்டைத் தடவினான். அதுவும் காய்ந்து கிடந்தது. சந்தோஷத்தில் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டான்.

அவன் கதவுக்கு முதுகைக் காட்டியபடி கடைசி மூலையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது மழை சார் ஏறி வந்தார். பின்னால் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்டது. அவன் திரும்புவதற்குள் அவர் சீட்டில் காகிதத்தை விரித்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கண்ணாடியுமாகக் குனிந்துவிட்டார்.

டொக்.

"ஒழுகுது" என்றார், திருப்தியாக.

பிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நேரம் இல்லாத சொட்டு இவர் வந்ததும் எப்படி வந்தது? நிமிர்ந்து பார்த்தான். கலங்கிய கண் அப்படியே நின்றது.

"சார், கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க."

"நான் கூரையைப் பாக்கறதில்ல."

"கூரையைப் பாக்க வேணாம் சார். ஃபேனைப் பாருங்க."

பல வருஷத்துக்குப் பிறகு மழை சார் தலையைத் தூக்கினார். சீட்டுக்கு மேலே இருந்த குட்டி ஃபேனின் கம்பியில், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும் என்று அவரே மடக்கி மாட்டிய புத்தம்புதுக் குடை, நேற்று பிட்டர் பார்சல் கட்டிக் கொடுத்த அதே குடை, நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதைக் கழற்றினார். விரித்தார். உள்பக்கம் முழுக்க டார்ச் அடித்துத் துருவிப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த விசிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"குடையும் ஒழுகல. தண்ணியை நிறுத்தச் சொல்லி நீங்களே ஊதுங்க, மாப்பிள்ளை."