முகம் மறைப்பவன்

செய்திச் சேனலில் சாட்சிகளின் முகத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்து மறைப்பது என் வேலை. கம்ப்யூட்டரை நம்ப மாட்டேன். ஆள் சட்டென்று திரும்பினால் அது கோட்டை விட்டுவிடும். ஒவ்வொரு ஃப்ரேமாக நானே கட்டங்களை நகர்த்துவேன். இதுவரை என்னால் யாரும் மாட்டிக்கொண்டதில்லை.

ஆடைத் தொழிற்சாலை முதலாளிக்கு எதிராகப் பேட்டி கொடுத்த தையல்காரப் பெண், அது ஒளிபரப்பான மறுநாள் அம்மாவோடு நன்றி சொல்ல வந்தாள். உள்ளே வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"பெத்த எனக்கே அடையாளம் தெரியலைங்க," என்றார் அம்மா.

"டிவியிலயா?" என்றேன், பூரிப்பை அடக்கிக்கொண்டு.

"டிவியிலயும்தான்."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கழுத்துக்கு மேலே என் கட்டங்கள்.

"யாரு பேசினதுன்னு முதலாளி என் எதிர்லயே நின்னு தேடினாருண்ணே," என்று சிரித்தபடி அம்மா பக்கம் சட்டென்று திரும்பினாள்.

கட்டங்களும் கூடவே திரும்பின. ஒரு ஃப்ரேம்கூடப் பிசகவில்லை.