ஒரே தப்பு, முப்பத்தேழு பேர்

முப்பத்தேழு பேரும் ஒரே தப்பை எழுதியிருந்தார்கள்.

சயின்ஸ் மிஸ் லேப்டாப்பை அறைந்து மூடப் போனார். அது பள்ளிக்கூடத்து லேப்டாப் என்று ஞாபகம் வரவே மெதுவாக மூடினார். பதினான்காவது கேள்வி: கல்லீரல் நம் உடலில் எந்தப் பக்கம் இருக்கிறது? முப்பத்தெட்டு பேர் படிக்கும் வகுப்பில் முப்பத்தேழு விடைத்தாளில் ‘இடது பக்கம்’. ஒரே ஒருத்திதான் ‘வலது பக்கம்’ என்று சரியாக எழுதியிருந்தாள்.

ஆன்லைன் டெஸ்டில் காப்பியை ஒழிக்க அவர் என்னதான் செய்யவில்லை? ஆளுக்கு ஒரு வரிசையில் கேள்விகள், கேள்விக்கு நாற்பது விநாடி. கேமராவை அணைக்கக் கூடாது, மைக்கை அணைக்கக் கூடாது. போதாததற்கு, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைக்கச் சொல்லி, திரையில் வேறு ஏதாவது திறந்திருக்கிறதா என்று அதில் வேறு பார்த்தார். ஒரு வீட்டில் இதற்காகப் பீரோவையே நகர்த்தினார்கள்.

இத்தனைக்கும் கேள்விகள் ஒன்றும் கஷ்டமில்லை. “புத்தகத்தைப் போட்டு உருட்ட வேணாம். நான் நடத்தினதை அப்படியே எழுதினாப் போதும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். கல்லீரல் பாடத்தை ஏனோதானோவென்றும் நடத்தவில்லை. கேமராவுக்கு முன்னால் எழுந்து நின்று, தன் விலாவுக்குக் கீழே கையை வைத்து, “நல்லாப் பார்த்துக்கோங்க, இதோ இந்தப் பக்கம்” என்று காட்டியிருந்தார். அதற்குப் பிறகும் தப்பு வருமா என்ன?

போன் அடித்தது. பிரின்சிபால். விடைத்தாள்களை அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

“என்ன மிஸ், மறுபடியும் காப்பியா? ‘என் டெஸ்ட்ல ஒரு ஈ கூட நுழையாது’ன்னு மீட்டிங்ல சொன்னது நீங்கதானே?”

“சார், எல்லாம் செஞ்சுதான் பார்த்தேன்...”

“பார்த்த வரைக்கும் போதும். முப்பத்தேழு பேருக்கும் ஜீரோ போடுங்க. பன்னிரண்டு மணிக்குள்ள அவங்க வீட்டுக்கு லெட்டர் போயிடணும்.”

இந்த டெஸ்ட் மார்க் வருடக் கடைசி ரிசல்ட்டில் சேர்கிறது. ஜீரோ விழுந்தால் முக்கால்வாசிப் பேர் சயின்ஸில் ஃபெயில். மிஸ்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மணி பதினொன்று. மொத்த வகுப்பையும் திரையில் கூட்டினார்.

“யாரு ஆரம்பிச்சு வச்சது? இப்பவே சொல்லிட்டா அந்த ஒரு ஆளோட போகும். இல்லேன்னா முப்பத்தேழு பேருக்கும் ஜீரோதான்.”

திரையில் அத்தனை கட்டங்களிலும் திருதிருவென்று முழித்தார்கள்.

“வாயைப் பூட்டிக்கிட்டா ஆச்சா? அவளைப் பாருங்க!”

அவள் என்றால் கடைசிக் கட்டத்தில் இருந்த பெண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். வகுப்பில் அவளுக்குப் பூனைக்குட்டி என்று பெயர்.

“அந்தப் பாடம் நடத்தின வாரம் பூரா காய்ச்சல்ல படுத்துக் கிடந்தா. கிளாஸுக்கே வரல. அவ சரியா எழுதியிருக்கா. உட்கார்ந்து கேட்ட உங்களுக்கு என்ன கேடு?”

பூனைக்குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அடக்கத்தைப் பார்த்து மிஸ்ஸுக்கு அவளை இன்னும் பிடித்துப்போயிற்று.

வகுப்பு லீடர் கையைத் தூக்கினாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

“மிஸ், நாங்க யாரும் காப்பி அடிக்கல மிஸ். நீங்க காட்டின பக்கத்தைத்தான் எழுதினோம்.”

“நான் வலது பக்கம்தானேடி காட்டினேன்?”

“வலது, இடதுன்னே சொல்லல மிஸ். ‘இந்தப் பக்கம்’னுதான் சொன்னீங்க. எங்க ஸ்கிரீன்ல உங்க கை இடது பக்கம்தான் இருந்தது. எல்லாரும் நோட்டுல அப்படியே குறிச்சுக்கிட்டோம்.”

மிஸ் அன்றைய வகுப்பின் வீடியோவைத் தேடிப் போட்டார். எதிரே நிற்கிறவரின் வலது, பார்க்கிறவருக்கு இடது. அவருடைய கை திரையின் இடது பாதியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? அத்தனை கோபமும் இப்போது தன் மேலேயே திரும்பியது.

“மன்னிச்சிடுங்கப்பா. யாருக்கும் ஜீரோ கிடையாது. பிரின்சிபால் சார்கிட்ட நானே பேசிக்கிறேன்” என்றார்.

கட்டங்களில் மூச்சு வந்தது. ஒருத்தி கேமராவை மறந்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

இருந்தாலும் மிஸ்ஸுக்கு மனது ஆறவில்லை. தான் சொல்லிக்கொடுத்தது தப்பாகப் போனாலும், தானாகப் படித்துத் தேறியவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று கடைசிக் கட்டத்தைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா. கிளாஸுக்கே வராம எப்படிச் சரியா எழுதின?”

பூனைக்குட்டி நிமிர்ந்தாள்.

“நான் ஒருத்திதான் மிஸ்... மடியில புத்தகத்தை வச்சுப் பார்த்து எழுதினேன்.”